ஏரி எங்கும் போய்விடாது

நம் சங்கத்துக் குடும்பங்களில் சில காலமாக ஒரு புதிய பேச்சு அடிபடுகிறது. முன்பெல்லாம் விடுமுறை என்றால் ஊருக்குப் போவோம். வேலூர், திருவண்ணாமலை, கும்பகோணம், மதுரை என்று உறவினர் வீடுகளைச் சுற்றிவிட்டுத் திரும்புவோம். இப்போது பெங்களூரிலும் ஐதராபாத்திலும் வேலை பார்க்கும் நம் பிள்ளைகள், இமயமலையில் இருக்கும் ஏரிகளின் படங்களைக் கைபேசியில் காட்டுகிறார்கள். ரூப்குண்ட், சந்திரதால், சஹஸ்ரதால், காஷ்மீரத்து ஏரிகள் என்று பெயர்களை அடுக்குகிறார்கள். பெரியவர்களுக்கோ மானசரோவர் மீது கண். சங்கத்தின் சார்பிலேயே ஒரு குழுவாகப் போனால் என்ன என்ற யோசனையும் வந்துவிட்டது. ஒன்பது நாள் பயணத் திட்டம் ஒன்றும் கைக்குக் கை மாறிக்கொண்டிருக்கிறது. போக இரண்டு நாள், வர இரண்டு நாள், நடுவில் ஐந்து நாளில் 4,400 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஓர் ஏரியைப் பார்த்துவிட்டுத் திரும்ப வேண்டும் என்பது திட்டம்.

போக வேண்டும் என்பதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. தொல்காப்பியத்தின் பாயிரம் தமிழ் வழங்கும் நிலத்துக்கு வடக்கு எல்லையாக வேங்கடத்தைச் சொன்னது. அந்த எல்லையிலேயே குடியிருக்கும் நாம், அதைத் தாண்டி வடக்கே இமயம் வரை போய்ப் பார்ப்பது நல்லதுதான். ஆனால் அந்த ஒன்பது நாள் திட்டத்தை வைத்துக்கொண்டு போகக் கூடாது. காரணங்களைச் சொல்கிறேன். நான் மருத்துவன் அல்லன். டிப்ளமா படித்துவிட்டு ரயில்வேயில் தண்டவாளத்தோடு காலம் தள்ளியவன். இருந்தாலும் ஏற்றம், இறக்கம், மழை, மண்சரிவு, கால அட்டவணை ஆகியவற்றோடு பழகியவன் என்ற உரிமையில் எழுதுகிறேன்.

திருமலைப் படியும் இமயமலையும்

இந்தப் பேச்சு வந்த இடத்திலெல்லாம் நான் கேட்ட பதில் ஒன்றுதான். "சார், அலிபிரியில் இருந்து 3,550 படியையும் மூன்று மணி நேரத்தில் ஏறிவிடுகிறேன். ஸ்ரீவாரி மெட்டு 2,388 படி எனக்கு ஒரு பொருட்டே இல்லை. இமயமலை என்ன பெரிய விஷயம்?"

கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. வாரம் தவறாமல் மலை ஏறுகிற அன்பர்கள் நம்மிடையே உண்டு. அவர்களுடைய கால்களையும் மூச்சையும் நான் குறைத்து மதிப்பிடவில்லை. ஆனால் திருமலை கடல் மட்டத்திலிருந்து ஆயிரம் மீட்டர் உயரம்கூட இல்லை. உதகையில் தொட்டபெட்டா 2,637 மீட்டர். தமிழ்நாட்டில் அதைவிட உயர்ந்த சிகரம் கிடையாது. கேரளத்தில் ஆனைமுடி 2,695 மீட்டர். தென்னிந்தியாவிலேயே அதற்கு மேல் ஒன்றும் இல்லை. உயரத்தால் உடம்புக்கு வரும் கோளாறு பொதுவாகத் தொடங்குவது 2,500 மீட்டருக்கு மேல்தான். அதாவது, நம் நாட்டு மலைகள் எங்கே முடிகின்றனவோ, ஏறக்குறைய அங்கேதான் இந்தச் சிக்கல் ஆரம்பமாகிறது. ஆகவே தெற்கே பிறந்து வளர்ந்த நாம் எத்தனை மலை ஏறினாலும் அந்தப் பரீட்சையை எழுதியதே இல்லை. திருமலைப் படிகள் காலைச் சோதிக்கும். இதயத்தையும் ஓரளவு சோதிக்கும். உயரத்தை நம் உடம்பு தாங்குமா என்பதை அவற்றால் சொல்ல முடியாது.

அந்த ஆயிரம் மீட்டருக்கு உள்ளேயே, 60 வயதைக் கடந்தவர்களும் இதய நோய், ஆஸ்துமா போன்ற தொல்லை உள்ளவர்களும் நடந்து வர வேண்டாம் என்று 2024-ல் தேவஸ்தானம் அறிவுறுத்தியது. நம் வீட்டு மலைக்கே இவ்வளவு எச்சரிக்கை என்றால், அதைப்போல் நான்கு மடங்கு உயரத்துக்கு எவ்வளவு வேண்டும்?

காற்றின் கணக்கு

மேலே போகப் போகக் காற்றில் பிராணவாயுவின் பங்கு குறைந்துவிடுகிறது என்று பலர் நினைக்கிறார்கள். பங்கு குறைவதில்லை, நூற்றுக்கு 21 என்பது எங்கும் அப்படியேதான் இருக்கிறது. குறைவது காற்றின் அழுத்தம். கடல் மட்டத்தில் ஒரு மூச்சுக்குக் கிடைப்பதை 100 என்று வைத்துக்கொண்டால், 3,000 மீட்டரில் கிடைப்பது சுமார் 70. 4,500 மீட்டரில் 60-க்கும் குறைவு. 5,500 மீட்டரில் பாதி.

இதற்கு உடம்பு தன்னைத் தயார் செய்துகொள்ளும். மூச்சு வேகமாகும், சிறுநீர் அதிகம் போகும், பிறகு ரத்தத்தில் சிவப்பணுக்கள் கூடும். ஆனால் இவை நாட்கணக்கில் நடக்கும் வேலைகள். பணம் கொடுத்தோ வீரம் காட்டியோ அவசரப்படுத்த முடியாது. அதனால்தான் மலை மருத்துவம் தெரிந்தவர்கள் ஒரு விதி வைத்திருக்கிறார்கள்: 3,000 மீட்டரைத் தாண்டிய பிறகு, படுத்துறங்கும் இடத்தை ஒரு நாளைக்கு 500 மீட்டருக்கு மேல் உயர்த்தக் கூடாது, மூன்று அல்லது நான்கு நாளுக்கு ஒரு முறை ஏறாமல் அதே இடத்தில் தங்க வேண்டும். பகலில் இன்னும் சற்று உயரம் நடந்துவிட்டுக் கீழே வந்து உறங்கலாம், அது நல்லதும்கூட.

விதியை மீறினால் முதலில் தலைவலி வரும். குமட்டல், பசியின்மை, தூக்கமின்மை பின்தொடரும். ரசம் சாதம்கூட இறங்காது. இந்தக் கட்டத்தில் மேலே ஏறாமல் நின்றுவிட்டால் பெரும்பாலும் ஓரிரு நாளில் சரியாகிவிடும். கவனிக்காமல் ஏறினால் நுரையீரலிலோ மூளையிலோ நீர் கோத்துக்கொள்ளும். உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்குவதும், விடாத இருமலும் முதலாவதன் அடையாளம். நேர்கோட்டில் குதிகாலை ஒட்டிக் கால்விரல் வைத்து நடக்கச் சொன்னால் தள்ளாடுவதும், பேச்சு குழறுவதும் இரண்டாவதன் அடையாளம். இவற்றுக்கு முதல் மருந்து கீழே இறங்குவது. விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது. இரவானாலும் இறக்க வேண்டும்.

இதில் இளையவர், மூத்தவர், ஆண், பெண், விளையாட்டு வீரர் என்ற பேதம் கிடையாது. ஜிம்முக்குப் போகும் பையனுக்கு வரும்; அவனுடைய அம்மாவுக்கு வராமல் போகும். சொல்லப்போனால் வலுவான இளைஞர்களுக்கு ஆபத்து சற்று அதிகம் என்றே சொல்வேன். வேகமாக ஏற முடிகிறது என்பதாலேயே அவர்கள் வேகமாக ஏறிவிடுகிறார்கள்.

சஹஸ்ரதால் சொல்லும் பாடம்

2024 ஜூன் மாதத் தொடக்கத்தில் நடந்ததை நாம் மறக்கக் கூடாது. நம் பக்கத்து மாநிலமான கர்நாடகத்திலிருந்து, பெரும்பாலும் பெங்களூரிலிருந்து, ஒரு குழு உத்தராகண்டில் 4,000 மீட்டருக்கு மேல் இருக்கும் சஹஸ்ரதால் ஏரிக்குப் போனது. வழிகாட்டிகளையும் சேர்த்து 22 பேர். ஏரியைப் பார்த்துவிட்டுத் திரும்பும் வழியில் பனிப்புயல் பிடித்துக்கொண்டது. 9 பேர் குளிரில் உயிரிழந்தார்கள். 13 பேரை மீட்புப் படையினரும் விமானப்படை ஹெலிகாப்டர்களும் காப்பாற்றின. இறந்தவர்களில் பலர் ஐம்பது வயதை எட்டியவர்கள் அல்லது கடந்தவர்கள். மலைக்குப் புதியவர்கள் என்றும் அவர்களைச் சொல்லிவிட முடியாது.

யார் மீது தவறு என்று தீர்ப்பு சொல்ல நான் வரவில்லை. அந்தக் குடும்பங்களின் துயரத்தில் நமக்கும் பங்கு உண்டு. நாம் கவனிக்க வேண்டியது ஒன்று இருக்கிறது. புயல் அவர்களைப் பிடித்தது போகும்போது அல்ல, திரும்பும்போது. நம் எல்லாத் திட்டங்களும் ஏரிக்கரையில் போய் முடிந்துவிடுகின்றன. திரும்பி வரும் வழியை எவரும் கணக்கில் வைப்பதில்லை. உயர்ந்த மலைகளில் காலையில் வானம் கண்ணாடியாக இருக்கும். நண்பகல் தாண்டியதும் மேகம் கூடும். ஆகவே ஏரி கண்ணுக்குத் தெரியும் தூரத்தில் இருந்தாலும் சரி, பகல் 12 மணி ஆனால் எங்கே நிற்கிறோமோ அங்கிருந்து திரும்ப வேண்டும் என்று முதலிலேயே முடிவு செய்துகொள்ள வேண்டும்.

குளிரின் கணக்கும் எளிது. ஆயிரம் மீட்டர் ஏறினால் சுமார் ஆறரை டிகிரி வெப்பம் குறையும். மே மாதம் திருப்பதியில் 40 டிகிரி என்றால், இந்தக் கணக்குப்படியே 4,400 மீட்டரில் 28 டிகிரி குறைந்துவிடும். அதற்கு மேல் வடக்கு தேசம், இரவு, காற்று, ஈரம் எல்லாம் சேர்ந்தால் தண்ணீர் உறையும் குளிர்தான். நனைந்த பருத்தித் துணி உடம்பின் சூட்டை உறிஞ்சிவிடும். பருத்தியிலேயே வாழும் நமக்கு இது தெரிந்திருக்க நியாயமில்லை. கம்பளியும் மழை புகாத மேலங்கியும் இல்லாமல் ஒருவரையும் குழுவில் சேர்க்கக் கூடாது.

கால அட்டவணையில் காலி நிமிடங்கள்

ரயிலில் போகும்போது நீங்கள் ஒன்றைக் கவனித்திருப்பீர்கள். கடைசி நிலையத்துக்கு முந்தைய சிறிய தூரத்துக்கு அட்டவணையில் தேவைக்கு அதிகமான நேரம் கொடுத்திருப்பார்கள். "இந்தத் தூரத்துக்கு இவ்வளவு நேரமா?" என்று பயணிகள் சிரிப்பார்கள். அந்த நிமிடங்கள் சும்மா வந்தவை அல்ல. வழியில் தண்டவாள வேலை நடக்கும். வேகக் கட்டுப்பாடு இருக்கும். அதில் இழந்த நேரத்தை ஈடுகட்டுவதற்காக அட்டவணை போடும்போதே சில நிமிடங்களை ஒதுக்கிவைப்பார்கள். ரயில்வேயில் அதற்கு என்ஜினீயரிங் அலவன்ஸ் என்று பெயர். ஒன்றும் நேராத நாளில் அது வீண் போலத் தெரியும். ஏதாவது நேர்ந்த நாளில்தான் அதன் அருமை தெரியும்.

மலைப் பயணத்தில் ஓய்வு நாட்கள் அந்த நிமிடங்களைப் போன்றவை. திட்டம் போடுபவர் கையில் கத்தரிக்கோல் வந்ததும் முதலில் வெட்டுப்படுவது அவைதான். "சும்மா கூடாரத்தில் உட்கார்ந்திருப்பதற்கு ஒரு நாளா? அதற்கும் பணம் கட்ட வேண்டுமா?" என்று கேட்கிறார்கள். ஆம், அதற்குத்தான் முதலில் பணம் கட்ட வேண்டும். ஒன்பது நாள் திட்டத்தில் ஓர் ஓய்வு நாள்கூட இல்லை. மழைக்கென்று ஒதுக்கிய நாளும் இல்லை. ஒருவருக்குக் காய்ச்சல் வந்தாலும், ஒரு பாலம் அடித்துப் போனாலும் மொத்த அட்டவணையும் சரிந்துவிடும். சரிந்த அட்டவணையைச் சரிக்கட்ட நாம் செய்வது என்ன? ஒரே நாளில் இரண்டு நாள் ஏற்றத்தை ஏறுவோம். ஆபத்து வருவது அப்படித்தான்.

4,400 மீட்டர் ஏரிக்கு என் கணக்கு இது. சாலை முடியும் 2,000 மீட்டர் ஊரில் இரண்டு இரவு. மூன்றாம் நாள் 2,600. நான்காம் நாள் 3,000. ஐந்தாம் நாள் அங்கேயே ஓய்வு. ஆறாம் நாள் 3,400. ஏழாம் நாள் 3,800. எட்டாம் நாள் அங்கேயே தங்கி, சற்று மேலே நடந்துவிட்டுத் திரும்புதல். ஒன்பதாம் நாள் விடியலில் புறப்பட்டு ஏரியைப் பார்த்துவிட்டு, உறங்குவதற்கு மீண்டும் 3,800-க்கு வருதல். பத்தாம் நாள் வானிலைக்கென்று காலியாக வைத்த நாள். பதினொன்றிலும் பன்னிரண்டிலும் இறக்கம். இதோடு டெல்லி வரை ரயிலில் போக இரண்டு நாள், அங்கிருந்து ரிஷிகேசத்துக்கு ஒரு நாள், திரும்புவதற்கும் அவ்வாறே மூன்று நாள். ஆகப் பதினெட்டு நாள்.

இவ்வளவு விடுப்பு எந்தக் கம்பெனியில் கொடுப்பார்கள் என்று பிள்ளைகள் கேட்பார்கள். நியாயமான கேள்விதான். விமானத்தில் போனால் இரண்டு மூன்று நாள் மிச்சமாகும். மிச்சம் பிடிக்க வேண்டியது அந்த இடத்தில். மலை மேல் அல்ல. அதற்கும் விடுப்பு போதவில்லை என்றால் தாழ்வான ஏரியைத் தேர்ந்தெடுக்க வேண்டும். விடுப்புக்கு ஏற்ற ஏரி என்பதுதான் முறை. ஏரிக்கு ஏற்றபடி உடம்பை வளைக்க முடியாது.

சாலை நன்றாக இருப்பதும் ஓர் ஆபத்து

நடக்க வேண்டாம், வண்டியிலேயே போய்விடலாம் என்போரும் உண்டு. 2020 அக்டோபரில் திறக்கப்பட்ட அடல் சுரங்கப்பாதை 9 கிலோமீட்டர் நீளம். ரோதாங் கணவாயைச் சுற்றிக்கொண்டு போக வேண்டிய தேவை அதனால் நீங்கியது. பொறியியல் சாதனை என்று நெஞ்சு நிமிர்த்திச் சொல்லலாம். ஆனால் சுமார் 2,000 மீட்டரில் இருக்கும் மணாலியில் காலைச் சிற்றுண்டி முடித்தவர், அதே நாள் மாலை 4,000 மீட்டருக்கு மேல் இருக்கும் சந்திரதால் பக்கம் கூடாரத்தில் படுக்க முடிகிறது. சிக்கிமில் குருடோங்மார் ஏரி 5,000 மீட்டருக்கும் மேல். லாச்சென் ஊரில் உறங்கி எழுந்து ஜீப்பில் அங்கே போய் அன்றே திரும்புகிறார்கள். கால் வலிக்கவில்லை என்பதால் உடம்பு ஏறியதே தெரிவதில்லை. வண்டி ஏறும் வேகத்தில் ரத்தம் ஏறாது. வயதான தாய் தந்தையரை "நடக்கவே வேண்டாம், வண்டிதான்" என்று அழைத்துப் போகும் பிள்ளைகள் இதை ஒரு முறைக்கு இரு முறை யோசிக்க வேண்டும்.

அரசாங்கம் காட்டும் வழி

மானசரோவரை நினைத்திருக்கும் பெரியவர்களுக்கு ஒரு சொல். 2020-ல் நின்றுபோன கைலாஷ் மானசரோவர் யாத்திரையை மத்திய அரசு 2025-ல் மீண்டும் நடத்தியது. லிபுலேக் வழியாக 5 குழுக்கள், நாதுலா வழியாக 10 குழுக்கள், குழுவுக்கு 50 பேர், ஆக 750 பேர். ஏரி இருப்பது சுமார் 4,590 மீட்டரில். பரிக்கிரமத்தில் கடக்க வேண்டிய டோல்மா கணவாய் 5,600 மீட்டருக்கும் மேல். இந்த யாத்திரைக்கு வயது 18-லிருந்து 70-க்குள் இருக்க வேண்டும். உயரத்துக்கு ஏற்ற எடையைக் காட்டும் உடல் நிறைக் குறியீடு 25-ஐத் தாண்டக் கூடாது. டெல்லியில் மருத்துவப் பரிசோதனை உண்டு. லிபுலேக் வழியில் போகிறவர்களுக்கு மலை மேல் குஞ்சியில் மறுபடியும் ஒரு பரிசோதனை. அதில் தவறினால் எவ்வளவு பக்தி இருந்தாலும் திருப்பி அனுப்பிவிடுவார்கள். வழியிலேயே உடம்பு பழகுவதற்கென்று தங்கும் நாட்களும் உண்டு.

இதைக் கெடுபிடி என்று சிலர் குறை சொல்வதைக் கேட்டிருக்கிறேன். பல ஆண்டு அனுபவத்தில் உருவான பாதுகாப்பு அது என்பேன். அரசாங்கம் தனக்கு வைத்துக்கொண்ட அதே விதிகளை நம் சங்கக் குழுவுக்கு நாமே வைத்துக்கொள்வதில் என்ன தடை?

வானிலைக்கு நாள் ஒதுக்காததன் விளைவுக்கும் உதாரணம் உண்டு. 2018 ஜூலையில், நேபாளம் வழியாக மானசரோவர் போய்த் திரும்பிய இந்திய யாத்திரிகர்கள் ஆயிரம் பேருக்கு மேல் சிமிகோட், ஹில்சா போன்ற மலை ஊர்களில் சிக்கிக்கொண்டார்கள். அங்கிருந்து சிறிய விமானத்திலோ ஹெலிகாப்டரிலோதான் வெளியே வர முடியும். மேகம் விலகாமல் அவை பறக்க முடியாது. கையில் பணமும் மருந்தும் சில நாளுக்குக் கூடுதலாக இருந்தவர் அமைதியாக இருந்திருப்பார். சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் எண்ணி வைத்த மாத்திரையோடு போனவர் நிலையை எண்ணிப் பாருங்கள்.

போகும் இடம் திறந்திருக்கிறதா என்பதையும் கேட்டுக்கொள்ள வேண்டும். ரூப்குண்ட் இதற்கு நல்ல உதாரணம். சுமார் 5,000 மீட்டரில் இருக்கும் அந்தச் சிறு ஏரியில் 1942-ல் ஒரு வனக்காவலர் மனித எலும்புகளைக் கண்டார். ஐதராபாத் சி.சி.எம்.பி. ஆய்வகத்தைச் சேர்ந்த விஞ்ஞானி குமாரசாமி தங்கராஜ் உள்ளிட்ட பல நாட்டு ஆய்வாளர்கள் 38 பேரின் எலும்புகளை ஆராய்ந்து 2019-ல் முடிவை வெளியிட்டார்கள். எல்லோரும் ஒரே நேரத்தில் இறக்கவில்லை, சில கூட்டத்தாருக்கு இடையே சுமார் ஆயிரம் ஆண்டு இடைவெளி, சிலர் மத்தியதரைக் கடல் பகுதியின் வம்சாவளியினர் என்று தெரிந்தது. ஏரி அன்றும் மனிதரை இழுத்திருக்கிறது; அன்றும் எல்லோரையும் திருப்பி அனுப்பவில்லை. 2018-ல் உத்தராகண்ட் உயர் நீதிமன்றம் உயர்மலைப் புல்வெளிகளில் இரவு தங்குவதற்குத் தடை விதித்ததால் ரூப்குண்ட் பயணம் பாதிக்கப்பட்டது. இதுபோன்ற ஆணைகளை வனத்துறையிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளாமல் முன்பணம் கட்டக் கூடாது.

சிவப்புக் கொடி யார் கையில்?

ரயில்வேயில் நான் மிகவும் மதிக்கும் ஒரு விதி உண்டு. தண்டவாளத்தில் தினமும் நடந்து பார்க்கும் கீமேன் சம்பளத்தில் கடைநிலைக்காரர். ஆனால் பாதையில் ஆபத்து என்று அவர் சிவப்புக் கொடியைக் காட்டினால் ராஜதானியாக இருந்தாலும் நின்றாக வேண்டும். உள்ளே மந்திரி இருக்கிறாரா, ஜெனரல் மேனேஜர் இருக்கிறாரா என்று டிரைவர் யோசிக்கக் கூடாது. பாதையைக் கண்ணால் பார்த்தவர் அவர் ஒருவர்தான் என்பதே காரணம்.

மலையில் அந்த கீமேன் நம் வழிகாட்டி. அநேகமாக இருபத்தைந்து வயது கிராமத்து இளைஞராக இருப்பார். "தம்பி, இவ்வளவு தூரம் வந்துவிட்டோம், இன்னும் ஒரு மணி நேரம்தானே" என்று பத்துப் பேர் சுற்றி நின்று கெஞ்சினால், பணம் கொடுத்தவர்களை எதிர்த்துப் பேச அவருக்குத் தைரியம் வராது. ஆகையால் புறப்படும் முன்பே, ஊரிலேயே, எல்லோர் முன்னிலையிலும் ஒன்றை எழுதி வைக்க வேண்டும்: வழிகாட்டி திரும்பு என்றால் குழு திரும்பும், ஒருவருக்கு உடம்பு முடியாமல் போனால் அவரோடு துணைக்கு ஒருவர் இறங்குவார், அதற்காக யாரும் யாரையும் குறை சொல்லக் கூடாது, கட்டிய பணத்தைத் திருப்பிக் கேட்கக் கூடாது. உத்தரகாசியில் 1965 முதல் இருக்கும் நேரு மலையேறும் பயிற்சி நிறுவனம் போன்ற இடங்களில் முறையாகப் பயின்ற வழிகாட்டியைக் கேட்டுப் பெறுவதும் நம் கடமை.

"எல்லாம் ஏழுமலையான் பார்த்துக்கொள்வான், நீங்கள் அதிகமாகப் பயமுறுத்துகிறீர்கள்" என்று ஓர் அன்பர் என்னிடம் சொன்னார். எனக்கும் அவன் மேல் பாரம் உண்டு. ஆனால் திருமலைக்குப் போகும் மலைச்சாலையிலும் வளைவுக்கு வளைவு தடுப்புச் சுவர் கட்டித்தான் வைத்திருக்கிறார்கள். பக்தி வேறு, தடுப்புச் சுவர் வேறு. இரண்டும் வேண்டும்.

சங்கத்துக்கு என் யோசனை

முதல் ஆண்டு தாழ்வான ஏரிக்குப் போவோம். உத்தராகண்டில் சாரி கிராமத்துக்கு மேலே தேவரியாதால் சுமார் 2,400 மீட்டரில் இருக்கிறது. சௌகம்பா சிகரங்கள் அந்த நீரில் தெரியும். அதை முடித்துக்கொண்டு, பக்கத்தில் சோப்தாவிலிருந்து துங்கநாதர் கோயிலுக்கு ஒரு பகல் நடந்து வரலாம். அது 3,600 மீட்டருக்கு மேல். உயரம் எப்படி இருக்கும் என்று உடம்புக்குக் காட்டிவிட்டு, கீழே வந்து உறங்கலாம். இல்லையென்றால் இமாச்சலத்தில் மண்டி அருகே பராசர முனிவர் பெயரில் மரக்கோயிலோடு இருக்கும் பராசர் ஏரி, சுமார் 2,700 மீட்டர். ஒன்பது நாள் இவற்றுக்குத் தாராளமாகப் போதும். பிள்ளைகளும் வரலாம், நிதானமாக நடக்கும் பெரியவர்களும் வரலாம். அங்கே யாருக்கு எப்படி இருந்தது என்று பார்த்துவிட்டு, அடுத்த ஆண்டு விரும்புகிறவர்கள் மட்டும் பதினெட்டு நாள் எடுத்துக்கொண்டு உயரமான ஏரிக்குப் போகட்டும்.

பருவம் முக்கியம். ஜூலை, ஆகஸ்ட் மழையில் அந்த மலைகள் சரியும். அந்த மாதங்கள் வேண்டாம். மே மாதத்தில் உயரமான ஏரிகளின் வழியில் பனி கிடக்கும். செப்டம்பர் பிற்பகுதியும் அக்டோபரும் நல்லவை. தசரா விடுமுறையும் அப்போதுதான் வரும். கேரளா எக்ஸ்பிரஸ் சித்தூரிலும் திருப்பதியிலும் நின்று டெல்லி போகிறது. முன்பதிவு 2024 நவம்பர் முதல் 60 நாள் முன்புதான் தொடங்குகிறது. பழையபடி 120 நாள் என்று நினைத்துக்கொண்டிருக்க வேண்டாம்.

மூன்று மாதம் முன்பிருந்தே நடக்கத் தொடங்கலாம். நாற்பது வயதைக் கடந்தவர்கள் இதயப் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும். திருப்பதிக்காரர்களுக்கு ஸ்விம்ஸ், சித்தூர்க்காரர்களுக்கு வேலூர் சி.எம்.சி. என்று நல்ல மருத்துவமனைகள் பக்கத்திலேயே இருப்பது நம் அதிர்ஷ்டம். உயரக் கோளாறுக்கு முன்கூட்டியே சாப்பிடும் டயமாக்ஸ் மாத்திரையை டாக்டரைக் கேட்காமல் யாரும் விழுங்கக் கூடாது. சல்ஃபா மருந்து ஒத்துக்கொள்ளாதவர்கள் அதை டாக்டரிடம் கட்டாயம் சொல்ல வேண்டும். மாத்திரை ஓய்வு நாளுக்கு மாற்று ஆகாது.

ஒன்பது நாள் திட்டத்தைத் தயாரித்த இளைஞர்கள் என் மீது கோபப்பட வேண்டாம். அவர்கள் ஆர்வம் இல்லாவிட்டால் இந்தப் பேச்சே எழுந்திருக்காது. அவர்கள் போட்ட செலவுக் கணக்கில் ஒரு பைசா பிசகு இல்லை. நாள் கணக்கில் மட்டும்தான் நான் வாதாடுகிறேன். அடுத்த செயற்குழுக் கூட்டத்தில் இதைப் பேசி முடிவெடுக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். அந்த ஏரிகள் ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக அங்கே இருக்கின்றன. அடுத்த ஆண்டும் இருக்கும். புறப்பட்ட அத்தனை பேரும் சித்தூர் நிலையத்திலும் திருப்பதி நிலையத்திலும் நல்லபடியாக வந்து இறங்க வேண்டும். நம் திட்டத்தின் கடைசி வரியாக அதை எழுதிவைத்துவிட்டு, மற்றவற்றை அதிலிருந்து பின்னோக்கிப் போட்டு வருவோம்.